இரண்டாம் மாடியில் கோலம் இல்லை

துப்பறியும் நாவலில் கொலைகாரன் யார் என்று பாதிப் புத்தகத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அபிராமபுரத்தில் முதஸ்ஸிர் நடத்தும் வாடகை நூலகத்தில் என் பென்சில் படாத மர்மக் கதை கிடையாது. பின்னட்டையின் உள்பக்கத்தில் கொலைகாரன் பெயர், நான் கண்டுபிடித்த பக்க எண், கீழே 'ச. மௌலி' என்று ஒரு கையெழுத்து. அடுத்தாற்போல் அந்தப் புத்தகத்தை எடுக்கிறவர்கள் வயிறெரிந்து திட்டுவார்களாம். திட்டட்டுமே. பின்னட்டையை முதலில் புரட்டச் சொல்லி நானா அவர்களைக் கூப்பிட்டேன்?

"சார், நீங்க புக்கு படிக்கறீங்களா, எழுதினவரோட சண்டை போடறீங்களா?" என்பார் முதஸ்ஸிர்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே ஐந்தாறு பேர் கூடுவோம். பேப்பரில் வந்த நிஜக் கொலை வழக்கு ஏதாவது ஒன்றைப் பிரித்து மேய்வோம். அவரவர் சந்தேகப்படும் ஆளை முதஸ்ஸிரின் கரும்பலகையில் எழுதிவைப்போம். பிறகு போலீஸ் பிடிக்கும்போது பெரும்பாலும் நான் எழுதின ஆள்தான் மாட்டியிருப்பான். முப்பத்தாறு வருஷம் கோபாலபுரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடை தப்பு என்பதோடு விடமாட்டேன், எந்த வரியில் தப்பு ஆரம்பித்தது என்றும் சொல்லிவிடுவேன்.

பெருமைக்காக இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு பாவமும் அறியாத ஒரு பெண்மணியை முப்பத்திரண்டு நாள் சிறையில் உட்கார வைத்தவன் நான். அதைச் சொல்வதென்றால் இந்தக் கொழுப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள். ஒன்றில் நானும் என் மனைவி ஹம்சாவும். எதிர் வீட்டில் ஸ்ரீனிவாசராகவன், எழுபத்தொன்பது வயது, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கனடாவில். அவருக்கு எல்லாமே பங்கஜம்தான். பட்டினப்பாக்கத்திலிருந்து தினமும் ஐந்தே முக்காலுக்கு வருவாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு, வேறு இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பி வந்து சமைப்பாள். அவளிடம் ஒரு சாவி உண்டு. பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை.

அந்த மாசி மாதம் ஹம்சா பெங்களூரில் இருந்தாள், பெண்ணுக்குப் பிரசவம். அவள் ஊருக்குப் போன நாளிலிருந்து எங்கள் வாசலில் கோலமும் இல்லை, வீட்டில் நாள் கிழமையும் இல்லை. காலண்டரில் தேதி கிழிக்கக்கூட ஆள் இல்லை. ஓட்டல் சாப்பாடு, சாய்வு நாற்காலி, கையில் புத்தகம். ராஜா மாதிரி இருந்தேன்.

ஒரு நாள் காலை ஆறரைக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினேன். எதிர் வாசலைப் பார்த்தேன், கோலம் இல்லை. என்னடா இது, பங்கஜத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு பங்கஜம் போட்ட அலறல் கீழ்த் தளம் வரை கேட்டது. ஓடினேன். சமையலறையில் பெரியவர் ஈர வேஷ்டியோடு மல்லாந்து கிடந்தார். தலைக்குப் பின்னால் ரத்தம், கருங்கல் மேடையின் விளிம்பிலும் ரத்தம். பக்கத்தில் ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கருணாகரன் பதினொன்றரைக்கு வந்தார். பெரியவர் விரலைவிட்டுக் கழற்றாத நவரத்தின மோதிரத்தைக் காணோம். பூட்டு உடைக்கப்படவில்லை. பங்கஜம் அழுதுகொண்டே, தான் வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்கு வந்ததாகவும், பெரியவர் நன்றாக இருந்ததாகவும், ஆறு மணிக்கே கிளம்பிவிட்டதாகவும் சொன்னாள். நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்குள் ஒன்று குதிக்க ஆரம்பித்துவிட்டது. சொல்லவே நா கூசுகிறது, அது சந்தோஷம்.

இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்தேன். "சார், அவ வழக்கம்போல வந்தேன்ங்கறா. வழக்கம்போல வந்திருந்தா வாசல்ல கோலம் இருக்கணும். ஆறரைக்கு நான் பாத்தேன், கோலம் இல்லை. பதினோரு வருஷமா ஒரு நாள் விட்டவ கிடையாது. ஒண்ணு, அவ அப்போ வரவே இல்லை, பொய் சொல்றா. இல்லேன்னா வந்து, கோலம் போடற நிலைமையில இல்லாம ஓடியிருக்கா. ரெண்டுல எதுவானாலும் இன்னொரு சாவி அவகிட்டதான் இருக்கு."

கருணாகரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாரா சார்? பாயின்ட் பாயின்ட்டா சொல்றீங்க. இதை அப்படியே எழுதிக் குடுங்க" என்றார்.

அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பங்கஜத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறதே என்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஹம்சா போன் செய்தாள். ராகவன் மாமா போன விஷயம் கேட்டு அழுதுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அது சரி, இன்னிக்கு அமாவாசை ஆச்சே, தர்ப்பணம் பண்ணினேளா?" என்றாள்.

"ஆச்சு ஆச்சு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் அப்பாவுக்கு மாதாமாதம் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய ஒரே பிள்ளை நான். மூட்டு வலி, தரையில் உட்கார முடியவில்லை என்று சாக்குச் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஹம்சாவிடம் மாட்டிக்கொண்டு பண்ணுகிறவன். அவள் இல்லாத மாதத்தில் அமாவாசை என்பதே எனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. அமாவாசையன்று தர்ப்பணம் பண்ணும் வீட்டில், அது முடியும்வரை வாசலில் கோலம் போடமாட்டார்கள். என் அம்மா போட்டதில்லை, ஹம்சா போட்டதில்லை. எதிர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அமாவாசை காலையில் ஹம்சா என்னைத் தர்ப்பணத்துக்கு முன் நடக்கப் போக விடமாட்டாள். அதனால் பதினோரு வருஷத்தில் அந்த வெறும் வாசலை ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை.

பங்கஜம் வந்திருக்கிறாள். வாசல் தெளித்திருக்கிறாள். கோலம் போடாமல் போனதுதான் அவள் ஒழுங்காக வேலை செய்ததற்கு அடையாளம்.

சட்டையை மாட்டிக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று செருப்பில் காலையும் விட்டேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். மோதிரம் காணோமே, அதற்கு என்ன பதில், போலீஸ்காரர்கள் எனக்கு முன்னாலேயே யோசித்திருக்கமாட்டார்களா, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

கடவுள் இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார். மறுநாள் காலை கருணாகரனே போனில் அழைத்தார்.

"சார், ஒரு சின்ன டவுட். அந்தம்மா ஒரே பிடிவாதமா நிக்குது. அமாவாசை அன்னைக்கு அந்த வீட்ல காலையில கோலம் போட மாட்டாங்களாம். 'எதிர் வூட்டு மௌலி சாரைக் கேளுங்க, அவங்களும் அய்யர் வூடுதான், அவருக்குத் தெரியும்'னு உங்க பேரைத்தான் சொல்லுது. அப்படி ஒரு பழக்கம் இருக்கா சார்?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நேற்று எழுதிக் கொடுத்தது அசட்டுத்தனம் என்று ஆகிவிடும். ஒரு ஐயருக்கு இதுகூடத் தெரியாதா என்று ஸ்டேஷனில் சிரிப்பார்கள். தர்ப்பணத்தை விட்டேன், அதில் பொய்யும் சொன்னேன் என்று ஹம்சாவுக்குத் தெரிந்துவிடும். இதற்காகவா என்று கேட்பீர்கள். ஆமாம், இதற்காகத்தான்.

"அதெல்லாம் அவாவா ஆத்து வழக்கம் சார். இந்தக் காலத்துல யார் பாக்கறா? ராகவன் சார் ஆத்துல எப்படின்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"அப்ப கட்டாயம் கிடையாது, இல்லையா?"

"கட்டாயம்னு சொல்ல முடியாது."

அன்று மத்தியானமே அவளை ரிமாண்டு செய்து புழல் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை நூலகத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நிஜக் கேஸில் நிஜ சாட்சி! நான் அலட்டிக்கொள்ளாத மாதிரி பலகையில் 'பங்கஜம்' என்று எழுதினேன். கை தட்டினார்கள். முதஸ்ஸிர் மட்டும் தட்டவில்லை. எழுந்து வந்து உள்ளங்கையால் அந்தப் பெயரை அழித்தார்.

"நம்ம ஏரியாவுல நடமாடற பொம்பளை சார். கோர்ட்டு சொல்றவரைக்கும் இந்தப் பலகையில அந்தம்மா பேரு வேணாம்" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. குற்றம் உள்ளவனுக்குத்தானே அப்படி வரும்? அதன் பிறகு நூலகம் பக்கம் போகவில்லை.

பங்கஜத்தின் பெண் லாவண்யா ப்ளஸ் டூ. அப்பா இல்லை. ஒரு காலை ஒன்பதரை மணிக்கு யூனிஃபார்மில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்தாள். அவள் அம்மா நல்லவள் என்று குடியிருப்போர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் ஜாமீனுக்கு உதவும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாரும் போடவில்லை. கடைசியாக, பத்தே முக்காலுக்கு, என் கதவைத் தட்டினாள்.

"நான் சாட்சிம்மா. நான் கையெழுத்துப் போடக் கூடாது" என்றேன்.

"சரிங்க சார்" என்று காகிதத்தை மடித்தாள். அவள் கையில் ஹால் டிக்கெட் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இன்னிக்குப் பரீட்சையா?"

"மேத்ஸ் சார். பத்து மணிக்கு. இனிமே போனா விடமாட்டாங்க" என்றுவிட்டு இறங்கிப் போனாள்.

முப்பத்தாறு வருஷம் பரீட்சை அறை வாசலில் நின்று, தாமதமாக ஓடிவரும் பிள்ளைகளைச் சீக்கிரம் சீக்கிரம் என்று உள்ளே தள்ளியவன் நான். அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்ன ஜன்மமோ!

பங்குனி அமாவாசைக்கு முந்தின நாள் ஹம்சா ஊரிலிருந்து வந்தாள். மறுநாள் காலை தர்ப்பணம் பண்ணிவைக்கும் வாத்தியாரையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். அவருக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி, பரபரவென்று இருந்தார்.

"மாமா, மோதிரத்தைக் கழட்டிடுங்கோ, பவித்ரம் ஏறாது" என்றார். பவித்ரம் என்பது தர்ப்பைப் புல்லில் முடிந்த மோதிரம், அதே விரலில் போட வேண்டும்.

கழற்றினேன். ஈரக் கை, எங்கே வைப்பது என்று முழித்தேன்.

"எள்ளு டப்பாக்குள்ளயே போட்டு மூடுங்கோ. அப்பறம் எங்கே வெச்சேன்னு ஆத்தையே தலைகீழாப் புரட்டாதேள்" என்றாள் ஹம்சா.

போட்டேன். கறுப்பு எள்ளுக்குள் மோதிரம் புதைந்து மறைந்தது. எதிர் வீட்டுச் சமையலறை கண்முன் வந்தது. ஈர வேஷ்டி. கவிழ்ந்த முக்காலி. பெரியவர் குளித்துவிட்டு வந்து, மோதிரத்தைக் கழற்றி எள்ளு டப்பாவில் போட்டுவிட்டு, பரணிலிருந்து தர்ப்பைக் கட்டை எடுக்க முக்காலியில் ஏறியிருக்கிறார். வெறும் வயிறு, எழுபத்தொன்பது வயது. அவரை யாரும் தள்ளவில்லை. கொலையே இல்லை.

வாத்தியார் சொல்லச் சொல்ல அப்பாவின் பெயரைச் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்தன, எனக்குக் கண்ணிலும் வழிந்தது.

வாத்தியார் போனதும் ஹம்சா கேட்டாள்: "என்னன்னா, இப்படி அழறேள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். போன மாதம் தர்ப்பணம் பண்ணவில்லை என்பதில் ஆரம்பித்து, போனில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது வரை. தர்ப்பணத்துக்காகத் திட்டப்போகிறாள் என்றுதானே ஒரு மாதமாக நடுங்கினேன்? அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு மாசமா ஜெயில்ல இருக்காளா? பங்கஜமா? உங்களுக்குத் தெரிஞ்சுமா?" என்றாள். பிறகு, "எழுந்திருங்கோ. சாப்பாடெல்லாம் அப்பறம்" என்று என் செருப்பை அவளே எடுத்து முன்னால் போட்டாள்.

கருணாகரன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "இதே கேள்வியைத்தானே சார் அன்னைக்கு உங்ககிட்ட கேட்டேன்?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பூட்டி சீல் வைத்திருந்த வீட்டை மறுநாள் திறந்தார்கள். சமையலறை அலமாரியில் பித்தளை டப்பா. கான்ஸ்டபிள் எள்ளைச் செய்தித்தாளில் கொட்டினார். நவரத்தின மோதிரம் விழுந்தது. பரணில் தர்ப்பைக் கட்டு அப்படியே இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையும், கீழே விழுந்ததால் பட்ட அடியாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்லியிருந்ததாம். அதற்கடுத்த நாள் பங்கஜம் வெளியே வந்தாள்.

ஆப்பிள் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டுக்குப் போனேன். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"இன்னா சார், நின்னுகினே கீறீங்க? குந்துங்க. லாவண்யா, சாருக்குத் தண்ணி குடு" என்றாள். பிறகு கையைக் கூப்பிவிட்டாள். "நீங்க போய் சொல்லலைன்னா நான் அங்கியேதான் சார் கெடந்திருப்பேன். எங்க வக்கீலே சொன்னாரு, எதிர் வூட்டு சார்தான் கண்டுபுடிச்சாருன்னு. நான் அப்பவே போலீசாண்ட சொன்னேன் சார், மௌலி சாரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்னு. அவங்கதான் உங்களைக் கேக்கவே இல்லபோல."

தண்ணீர் டம்ளர் என் கையில் இருந்தது. பேசாமல் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவளைப் பொறுத்தவரை நான் தெய்வம். ஊரில் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த ஆசை எனக்கு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"என்னைக் கேட்டா, பங்கஜம்" என்றேன். "மறுநாளே போன்ல கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

பங்கஜம் கூப்பிய கையை இறக்கினாள். "தெரியாதா சார் உங்களுக்கு?"

"தெரியும்."

"மறுநாளேவா கேட்டாங்கோ?"

"மறுநாளே."

அவள் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். லாவண்யா சுவரோரம் நின்றிருந்தாள். பங்கஜம் உள்ளே போய்விட்டாள். நான் சிறிது நேரம் காத்திருந்தேன், வரவில்லை. படி இறங்கும்போது லாவண்யா பின்னாலேயே வந்து ஆப்பிள் பையை என் கையில் கொடுத்தாள். துணைத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். "வேணாம் சார், ட்யூஷன்ல சேந்துட்டேன்" என்றாள்.

வழக்கு முடிந்தும் பங்கஜத்தை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. போலீஸ் பிடித்துப் போனவள் என்ற பேச்சு போகவில்லை. ஹம்சா தானே பட்டினப்பாக்கம் போய் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பங்கஜம் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றாள். எங்கள் வாசலில் புதுக் கோலம், ஈரம்கூடக் காயவில்லை.

"மாமிக்கோசரம் வந்தேன் சார். ஆனா ஒரு கண்டிசன். நான் வந்தேன்னு தெனம் நீங்க வெளிய வந்து பாக்கணும். பாத்தேன்னு சொல்லணும். நீங்க சொன்னாத்தான் நான் போவேன்."

"பாத்தேன்" என்றேன்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. மழையானாலும் சரி, எனக்குக் காய்ச்சலானாலும் சரி, ஐந்தே முக்காலுக்கு மணி அடிக்கும். நான் எழுந்து போய், குனிந்து, கோலத்தைப் பார்த்து, பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் என்னோடு பேசுவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஹம்சாவோடுதான். முதஸ்ஸிர் ஆள் விட்டு இரண்டு புதுப் புத்தகம் அனுப்பினார். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்று காலையும் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசல் தெளித்திருந்தது. ஈரத் தரை மட்டும்தான் இருந்தது, கோலம் இல்லை. பங்கஜம் கையைக் கட்டிக்கொண்டு, என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு அமாவாசை சார். நான் வந்தேன். கோலம் போடல. நல்லாப் பாத்துக்கினு சொல்லுங்க."